பிளேட்லெட் குறைந்தவர் வாழும் வீடு

வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் அடிபடும் சொல் பிளேட்லெட், அதாவது இரத்தத்தில் உள்ள தட்டணு. டெங்குவில் அது மளமளவென்று இறங்கும். காய்ச்சல் விட்ட சில நாளில் தானாக ஏறிவிடும். ஆனால் காய்ச்சல் எதுவும் இல்லாமலே மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், குறைந்த தட்டணுக்களோடு வாழ்கிறார்கள். இந்த நோய்க்கு ஐ.டி.பி. என்று பெயர்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அடையாளமிட்டுக் கொடுக்க, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் இந்நோய் உள்ள ஒரு பெண்ணின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு விழுந்தன, வலிப்பும் வந்தது. பிழைத்தெழுந்தார். தட்டணுவை அழிப்பது இரத்தத்திலேயே ஓடும் ஏதோ ஒன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. டெங்கு நினைவில் தட்டணு தானம் தேடி ஓடும் உறவினர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: ஏற்றும் தட்டணுவும் அதே வேகத்தில் அழியும். கடும் இரத்தக்கசிவு போன்ற நெருக்கடியில்தான் மருத்துவர்கள் அதை ஏற்றுகிறார்கள்.

ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. ஐ.டி.பி. உள்ளவருக்கு அது ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. சிலருக்குப் பத்தாயிரத்தையும் தொடுவதில்லை. இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. நாற்பதாயிரம் என்று அறிக்கை வந்ததும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. இரத்தக்கசிவு இல்லாத பெரியவருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் இருந்தால், பெரும்பாலும் மருந்தே கொடுக்காமல் கவனித்து வருவதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். எண்ணைவிட உடம்பு சொல்வது முக்கியம். முழங்காலுக்குக் கீழே, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லாமல் கன்றிப்போன தடங்கள், வாய்க்குள் இரத்தக் கொப்புளம், நிற்காத மாதவிடாய்ப் போக்கு. இவற்றைப் பெண்கள் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்வது பெரிய கேடு.

வீட்டிலேயே ஆபத்தான இடம் மாத்திரை டப்பாதான். ஆஸ்பிரின் ஒரு முறை உள்ளே போனால், அப்போதிருக்கும் தட்டணுக்கள் தம் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை வேலைக்கு ஆகாமல் போகும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்கும் நம் பழக்கத்தையும் இவர்கள் விட வேண்டும். இடுப்புத் தசையில் போடும் ஊசி உள்ளே இரத்தம் கட்டச் செய்யும்.

மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். பல் துலக்க மென்மையான பிரஷ், வேப்பங்குச்சி வேண்டாம். சவரத்துக்குப் பிளேடுக்குப் பதில் மின் டிரிம்மர். குளியலறைத் தரையில் பாசியைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு ரப்பர் விரிப்பு, இரவில் எரியும் ஒரு சிறு விளக்கு. எண்ணிக்கை மிகவும் இறங்கியிருக்கும் நாள்களில் அரிவாள்மணையும் தேங்காய்த் துருவியும் வேறொருவர் கைக்குப் போகலாம். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் தண்ணீரும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பது தவறு. உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இந்நோய்க்கு மருந்தாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குப் பசி கூடும், தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், எரிச்சல் வரும். அது மாத்திரையின் வேலை என்று வீட்டார் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை இல்லை. அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருந்தைக் கைவிடுவதும் கூடாது.

குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தாமாகவே குணமாகிறார்கள். அதுவரை கபடி வேண்டாம். நடக்கட்டும், பள்ளிக்குப் போகட்டும், மருத்துவர் சரி என்றால் நீந்தட்டும். பயத்தில் வீட்டுக்குள் பூட்டி வைத்த குழந்தைக்குப் பாதுகாப்பின் பெயரால் பிள்ளைப் பருவம் பறிபோகிறது.

மூளையில் இரத்தக்கசிவு அரிது. குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் தலையில் அடிபட்டாலோ, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயின் பெயர், எடுக்கும் மருந்துகள், எடுக்கக் கூடாத மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப் பையில், கைப்பையில், பள்ளிப் பையில் வையுங்கள். இன்றே எழுதிவிடுங்கள்.