டிரெய்லர் விளக்கும் ஜமாஅத்தின் அமானிதமும்

 

ஜனாஸாவை வீணே தாமதிக்காமல் அடக்கம் செய்வது நாம் பேணிவரும் நெறி. ஆகவே வாலாஜாபாத்தில் எங்கள் மஹல்லாவினர் இஷாவுக்குப் பின்னரும் கபுர் தோண்ட நேர்வதுண்டு. மண்வெட்டி, பலகை, விளக்குகள், அவற்றுக்கான 12 வோல்ட் பேட்டரி யாவும் வேனின் பின்னால் பூட்டும் சிறு டிரெய்லரில் செல்லும். வேன் ஓடும்போதே அந்தப் பேட்டரி சார்ஜ் ஆகவேண்டும். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, குழிக்குள் இருவர் நின்றிருக்கையிலேயே விளக்குகள் மங்கிவிட்டன.

“பேட்டரி போய்விட்டது, புதிது வாங்குவோம்” என்றனர் பலர். ஜமாஅத்தின் பணம் அமானிதம். அளந்து பார்த்த பின்னரே செலவிட வேண்டும் என்றேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டருடன் வந்தார்.

எஞ்சின் ஓடுகையில் வேனின் பேட்டரியில் 14.2 வோல்ட். டிரெய்லர் பிளக்கைக் கழற்றி, வேன் பக்கத்து முனையில் அளந்தாலும் ஏறக்குறைய அதே அளவு. பிளக்கை மாட்டி, மின்சாரம் பாயும் நிலையில் டிரெய்லர் பேட்டரியில் அளந்தபோதோ 12.8 மட்டுமே! ஈய அமில பேட்டரி முழுமையாக ஏற 14 வோல்ட்டை ஒட்டிக் கிடைக்க வேண்டும். மின்சாரம் பாயாதபோது மெல்லிய கம்பியும் குறையின்றித் தோன்றும். பாயும்போதுதான் இழப்பு வெளிப்படும்.

இழப்பு எங்கே? இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளுக்கிடையே 0.6 வோல்ட், நெகட்டிவ் முனைகளுக்கிடையே 0.8. நெகட்டிவுக்குத் தனிக்கம்பியே இல்லை. துருவேறிய இணைப்புக் கொக்கி வழியாகவே மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது.

இரு முனைகளுக்கும் 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, பிளக்கைத் துப்புரவாக்கினோம். இரு பேட்டரிகளின் அருகிலும் ஃபியூஸ் வைத்தோம். கம்பி உரசினால் இருபுறமிருந்தும் தீப்பற்றக்கூடும். எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலேயும் பொருத்தினோம். இப்போது டிரெய்லரில் 13.8 வோல்ட் கிடைக்கிறது. பழைய பேட்டரியே இன்றும் உழைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் பள்ளிவாசலிலிருந்து கபரஸ்தான் வரையிலான சில நிமிட ஓட்டம் பேட்டரியை நிரப்பாது. அரைகுறை சார்ஜில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். ஆகவே வாரந்தோறும் வெள்ளியன்று மின்சார சார்ஜரில் நிரப்புகிறோம். சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மதரஸாவின் மூத்த மாணவர் ஒருவர் அளந்து பதிவேட்டில் குறிக்கிறார்.

உங்கள் மஹல்லாவிலும் இத்தகைய வண்டி இருப்பின், அடுத்த ஜும்ஆவுக்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள். வஸ்ஸலாம்.