சிவப்பு மூன்று

லண்டனில் நூறு வயது தாண்டிய வீட்டுக்குச் சர்வே எடுத்தால் அறிக்கையில் சிவப்பு வரத்தான் செய்யும். வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் சர்வேயர்களான நாங்கள் ஓர் எண் போடுகிறோம். பச்சை 1 என்றால் கவலையில்லை. மஞ்சள் 2 என்றால் பழுது உண்டு, அவசரமில்லை. சிவப்பு 3 என்றால் கடுமையான பழுது, அல்லது உடனே ஆராய வேண்டியது. முதல் வீடு வாங்குவோர் அந்த 'அல்லது'வைக் கவனிப்பதில்லை. மின்கம்பிகளுக்குச் சோதனைச் சான்றிதழ் இல்லையென்றாலும் 3தான், தரைக்கடியில் மரச்சட்டம் உளுத்திருந்தாலும் 3தான். செலவில் இரண்டுக்கும் இடையே வெகுதூரம்.

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கங்களில் எங்கள் பிள்ளைகள் வாங்கும் பழைய வீடுகளில் பல, 1880க்கும் 1910க்கும் இடையில் எழும்பிய வரிசை வீடுகள். அறிக்கை போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி வரும். "அண்ணை, பதினொரு சிவப்பு இருக்கு. அப்பா வேண்டாமெண்டு சொல்றார். விடுறதோ?" நான் சொல்வது இதுதான்: "தங்கச்சி, அறிக்கையைத் திறவுங்கோ. ஒவ்வொரு சிவப்பும் ஏன் வந்ததெண்டு பாப்பம்."

ஆட்களை அதிகம் பயமுறுத்துவது ஈரம். அந்தக் காலத்துச் சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது, கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். மழையில் நனையும், பிறகு சாந்து வழியாக ஈரத்தை வெளியே விட்டு உலரும். பின்னால் வந்தவர்கள் இணைப்புகளைச் சிமெந்தால் அடைத்து, வெளியே சிமெந்து பூசி, உள்ளே ஈரம் புகாத பெயின்ட் அடித்தார்கள். வியர்க்கிறவருக்குப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டிவிட்டதுபோல் சுவருக்குள்ளேயே ஈரம் தங்கியது. போதாததற்கு முற்றத்தைக் கொங்கிறீட் போட்டு உயர்த்தினார்கள். வெளித்தரை சுவரிலுள்ள ஈரத்தடுப்பு அடுக்குக்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். உயர்த்தியபோது சுவரடியில் இருந்த காற்றுத் துளைகளும் மூடிப்போயின. பலகைத் தரைக்கடியில் காற்று ஓடாவிட்டால், சுவருக்குள் செருகியிருக்கும் மரச்சட்ட நுனிகள் அழுகத் தொடங்கும்.

நாங்கள் சுவரில் குத்திப் பார்க்கும் ஈரமானி உண்மையில் அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை. அது மரத்துக்கென்று அளவிட்ட கருவி. பழைய உப்பு படிந்த சுவரிலும் எண் ஏறிவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பி, ஈரத்தைத் தடுக்கவென்று சுவருக்குள் இரசாயன ஊசி ஏற்றும் வேலைக்குத் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். இலவசமாக ஈரம் பார்க்க வருபவர் பெரும்பாலும் அந்த ஊசி வேலையைச் செய்து சம்பாதிப்பவர். எந்த வேலையையும் விற்காத ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒழுகும் பீலியை மாற்றுவதும் முற்றத்தைத் தாழ்த்துவதும் போதுமான வீடுகள் நிறைய உண்டு. நல்ல சுவரைத் துளைத்து, சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்காது.

விரிசலுக்கும் காரணம்தான் முக்கியம். லண்டன் களிமண் வறண்டால் சுருங்கும், நனைந்தால் வீங்கும். 1976 வறட்சியில் அத்திவாரம் தாழ்ந்த வீடுகள் ஏராளம். 5 மில்லிமீற்றர் வரையான விரிசல் பெரும்பாலும் பூசி மறைக்கும் வேலை. ஆனால் செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல் ஏறி, மேலே அகன்று, சுவரின் இரு பக்கமும் தெரிந்து, அருகில் பெரிய மரமோ உடைந்த கழிவுநீர்க் குழாயோ இருந்தால், அகலம் குறைவென்றாலும் கட்டமைப்புப் பொறியியலாளரைக் கூப்பிடுவேன். விற்பவர் முன்பு காப்புறுதியில் நிலத்தாழ்வுக்கு நட்டஈடு கேட்டாரா என்பதையும் சட்டத்தரணி மூலம் விசாரிக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது சிம்னியை. அறையைப் பெரிதாக்கக் கீழே அதன் அடிப்பாகத்தை இடித்துவிட்டு, மேலே கூரைக்குள் நிற்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். நோரிச் நகரில் ஒரு பெண் வாங்கிய வீட்டில், அப்படித் தாங்கலில்லாமல் நின்ற செங்கற்கள் கூரையை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. கடன் கொடுத்த நிறுவனத்துக்காக அந்த வீட்டை மதிப்பிட்டவர்கள் வாங்கியவருக்கும் பொறுப்பு என்று 1989இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்கும் வழக்கு இது. கம்பளத்தைக் கிளப்பவோ பலகையைப் பெயர்க்கவோ எங்களுக்கு உரிமையில்லை. பார்க்க முடியாத இடத்தில் 'மேலும் ஆராய்க' என்று எழுதுவதைச் சிலர் தப்பிக்கும் வழி என்கிறார்கள். அந்தச் செங்கற்களை நினைத்தால் அதைவிட நேர்மையான வார்த்தை எனக்குத் தோன்றுவதில்லை.

இங்கிலாந்தில் ஒப்பந்தம் பரிமாறும் நாள்வரை இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அதற்குள் சர்வேயரை அழைத்துப் பேசுங்கள். அறிக்கையில் எழுதாத அழுத்தம் குரலில் தெரியும். பெரிய பழுதுகளுக்கு இரண்டு கட்டடக்காரர்களிடம் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்கி, அதை வைத்து விலை பேசுங்கள். வயதான கொதிகலனுக்கும் தேய்ந்த ஜன்னலுக்கும் விலை குறைக்கக் கேட்டு வீணாகச் சண்டை பிடிக்க வேண்டாம், அவை கேட்ட விலைக்குள் அடங்கியவை. சிம்னி இடித்ததற்கு அனுமதிப் பத்திரம் இல்லையென்றால் பொறியியலாளரை அனுப்புங்கள். அவரை உள்ளே விட விற்பவர் மறுத்தால், அதுவரை செலவழித்த பணம் போனாலும் பரவாயில்லை, வேறு வீடு பாருங்கள் என்றுதான் சொல்வேன்.