தேதி மட்டும் வேற

புது ரெகுலேஷன் வந்தா அடுத்த பேட்ச்சுக்குத்தான், நமக்கு இல்ல. இது உங்களுக்கும் பழகிப்போன விஷயம்தான். சிலபஸ்னா பொறுத்துக்கலாம். ஜெயில் தண்டனையிலும் அப்படிச் சொன்னா?

அமெரிக்காவில் சொன்னாங்க. 1986-இல் வந்த சட்டப்படி, தூள் கொக்கெய்ன் 500 கிராம் விற்றால் குறைந்தது 5 வருஷம் சிறை. அதே கொக்கெய்ன் கட்டியாக இருந்தால் பெயர் கிராக். அதில் 5 கிராமுக்கே 5 வருஷம். நம்ம 5 ரூபாய் காயினை விடக் குறைந்த எடை! கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்.

இந்த 100-க்கு 1 கணக்கு நியாயமில்லை என்று 2010-இல் நாடாளுமன்றமே அதை 18-க்கு 1 ஆக்கியது. 5 கிராம் என்பது 28 கிராம் ஆனது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. ஜூலையில் தண்டனை வாங்கியவருக்குப் பழைய கணக்கு, செப்டம்பரில் வாங்கியவருக்குப் புதுக் கணக்கு. குற்றம் அதே, எடையும் அதே.

தண்டனை வழிகாட்டுதல்களை வகுக்கும் ஆணையம் 2011-இல் தன் புது வழிகாட்டுதலைப் பழைய கைதிகளுக்கும் நீட்டித்தது. ஆனா சட்டம் விதித்த குறைந்தபட்ச தண்டனையை அதனால் தொட முடியல. அதுக்கு 2018 டிசம்பரில் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. நடுவில் 8 வருஷம். நீங்க ஆறாம் வகுப்பில் சேர்ந்து காலேஜ் முதல் வருஷம் முடிக்கிற வரைக்குமான காலம் அது.

எதிர்வாதமும் வலுவானதுதான். தீர்ப்புன்னா ஒரு முடிவு வேணும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய ஃபைலைத் தூசி தட்டினா கோர்ட் தாங்காது. பாதிக்கப்பட்டவங்களுக்கும் நிம்மதி இருக்காது. அன்றைய சட்டப்படிதானே தீர்ப்பு கொடுத்தாங்க?

சரி. ஆனா பழைய தண்டனைக்கும் பொருந்தும்னா உடனே கேட்டைத் திறந்துவிடுறதுன்னு அர்த்தம் இல்ல. 2018 சட்டத்தில்கூட கைதி மனு போடலாம், அவ்வளவுதான். ஜட்ஜ் பார்த்துக் குறைக்கலாம், குறைக்காமலும் விடலாம்.

தண்டனையைக் கூட்டுற சட்டத்தைப் பழைய குற்றத்துக்குப் போடக் கூடாதுன்னு அமெரிக்க அரசியலமைப்பும் சொல்லுது, நம்ம அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவும் சொல்லுது. குறைக்கிற சட்டத்துக்கு அந்தத் தடை இல்ல. அதனால சின்னச் சின்ன மாற்றங்களுக்குப் பழைய தீர்ப்பைத் தொட வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா 'இந்தக் கணக்கே அநியாயம்'னு சொல்லி அரசே ஒரு தண்டனையை மாற்றினா, அதை அனுபவிச்சிட்டு உள்ளே இருக்கிறவரோட மனுவை ஒருமுறை படிச்சாவது பார்க்கணும். அதுக்கு 8 வருஷம் காக்க வைக்கக் கூடாது. நீங்க என்ன நினைக்கிறீங்க?