எட்டடிக்குள் ஒரு கட்டுமரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும் கன்டெய்னர் லாரிகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அப்பெட்டிகள் எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தாலும் அகலம் 8 அடிதான். கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் வடிவமைத்த ‘ஹோபி 16’ என்னும் பந்தயப் பாய்மரப் படகின் அகலம் 7 அடி 11 அங்குலம். அன்றைய அமெரிக்கச் சாலைகளில் வண்டியின் அகல வரம்பு 8 அடி. கடலில் ஓடவேண்டிய படகு ஒன்று சாலைக்கு ஓர் அங்குலம் விட்டு அளவெடுக்கப்பட்டிருக்கிறது.

இது சிறிய விட்டுக்கொடுத்தல் அன்று. இரட்டை ஓட்டுப் படகின் பலமே அதன் அகலம். அகலம் கூடக்கூடக் காற்றுக்குக் கவிழாமல் நிற்கும். ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை ஓடிய டொர்னாடோ 10 அடி அகலம் கொண்டது. அதைச் சாலையில் கொண்டுசெல்லக் கழற்றவோ சாய்க்கவோ வேண்டும். ஹோபியோ அகலத்தைக் குறைத்துக்கொண்டு, குறைந்ததை ஈடுசெய்ய ஓட்டுபவரைக் கம்பியில் தொங்கவிட்டது. எடை 145 கிலோ. அடியில் இறக்கும் பலகையும் கிடையாது. ஒவ்வோர் ஓடும் வெளிப்புறம் தட்டையாகவும் உட்புறம் வளைந்தும் இருப்பதால், காற்று ஒதுங்கும் பக்கத்து ஓடே பலகையின் வேலையைச் செய்துவிடும். நேராக மணலில் ஏறி நிற்கலாம். பலத்த காற்றில் அணியம் நீருக்குள் குத்திப் படகு குட்டிக்கரணம் அடிப்பது இதற்கான விலை.

இத்தகைய படகை உலகம் ‘காடமரான்’ என்கிறது. நம் கரையின் சொல்தான். வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூல் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கிலத்துக்கு அறிமுகப்படுத்தியது. பின்னர் அச்சொல் எப்படியோ பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. (1876இல் நியூயார்க்கில் ஹெரஷாஃப் இரட்டை ஓட்டுப் படகொன்றை ஓட்டி மற்றவர்களை வென்றபோது, அவ்வகைப் படகுகளையே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள் என்பது தனிக்கதை.) நம் கட்டுமரத்துக்கு ஓடே இல்லை. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்தது அது. இடையில் நீர் புகுந்து வெளியேறும், ஆகவே மூழ்காது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தோளில் சுமந்து மணலில் உலர்த்துவார்கள். மறுநாள் மீண்டும் கட்டு.

சொல்லை இரவல் கொடுத்ததில் நமக்கு வருத்தமில்லை. பாயையும் சேர்த்து இழந்ததுதான் உறுத்துகிறது. வெளிப்பொருத்து எஞ்சினும் ஃபைபர் படகும் வந்தபின், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இன்னும் விரைவாக, கடலில் பாய் விரிப்பது அருகிவிட்டது. எஞ்சின் வேண்டாம் என்று மீனவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. துடுப்பு வலித்த தோள் அவர்களுடையது. ஆனால் காற்றைப் படிக்கும் கல்வி இப்போது நகரத்துக் கிளப்புகளின் விளையாட்டு. சென்னையின் நேத்ரா குமணன், இந்தியாவிலிருந்து பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் பெண்ணாக, 2021இல் டோக்கியோ சென்றபோது நாம் மகிழ்ந்தோம். அவர் ஓட்டிய லேசர் வகைப் படகும் கார்க் கூரையில் ஏற்றிச்செல்ல வரையப்பட்டதுதான். பழவேற்காட்டுச் சிறுவனின் வீட்டில் அந்தக் கார் ஏது?

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆழமான அடிப்பலகை உள்ள படகு அங்கே தரைதட்டும். பலகையில்லா இரட்டை ஓடு தாராளமாக ஓடும். ஃபைபர் வார்க்கும் கைகளுக்கு இக்கரையில் பஞ்சமில்லை. ஆனால் ஹோபியின் எட்டடி விதி நமக்கு உதவாது. காருக்குப் பின்னால் டிரெய்லர் இழுத்துப் போகிறவர் இங்கே எத்தனை பேர்? குப்பத்திலிருந்து ஏரிக்கரைக்கு இரண்டு பிள்ளைகள் ஓர் ஓட்டைத் தோளில் தூக்கிப் போக வேண்டும். அப்படியானால் ஓர் ஓடு 40 கிலோவைத் தாண்டக்கூடாது. குறுக்குக் கட்டைகளைத் திருகாணியால் முடுக்காமல் கயிற்றால் பிணைக்கலாம். துரு ஏறாது, அறுந்தால் அங்கேயே கட்டிக்கொள்ளலாம். அந்த முடிச்சைப் போடத் தெரிந்த பெரியவர்கள் குப்பங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.