ஊருக்கு எத்தனை மணி நேரம்?

மலாக்காவிலிருந்து தமிழ்நாடு எவ்வளவு தூரம்? ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வயதான ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "ஏழு நாள்" என்பார். அவர் பேரனோ "நாலு மணி நேரம்" என்பான். பெரியவர் சொல்வது கப்பல் கணக்கு. பேரன் சொல்வது விமானக் கணக்கு.

நமக்கெல்லாம் முன்னோடிகள் மலாக்கா செட்டிகள். அவர்களின் முன்னோர் பருவக்காற்றை நம்பிப் பாய்மரம் விரித்து வந்தவர்கள். காற்று மாறும்வரை திரும்ப வழியில்லை. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் மலாக்கா நகரில் நிற்கிறது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா', சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1973 வரை நம்மவர்களைச் சுமந்தது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. கப்பல் காலமும் அத்தோடு முடிந்தது.

இன்று, 1998-இல் திறந்த சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி. இதில் கடிகாரம் செய்யும் வேடிக்கையைப் பாருங்கள். இரவு 10 மணிக்கு ஏறினால், அங்கே இறங்கும்போது மணி 11.30தான்! திரும்பும்போது நள்ளிரவு 12-க்குப் புறப்பட்டால், இங்கே காலை 6.30 ஆகிவிடும். நம் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. 1982-க்கு முன் இந்த வித்தியாசம் இரண்டு மணிதான்.

ஆனால், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை கணக்குப் பார்க்க வேண்டாமா? அலோர் காஜாவிலிருந்து சிப்பாங் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு பஸ் பயணம் வேறு. உங்கள் சொந்த ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாமக்கல் பக்கமா? திருச்சி விமானத்தில் போங்கள். வான்வழியில் சற்றே கூடுதல் தூரம்தான். ஆனால் சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் போகும் 330 கிலோமீட்டர் மிச்சம். வேலூர், திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சென்னையே நல்லது.

கப்பல் நாளில், தாய் இறந்ததாகத் தந்தி வந்தால் மகன் லயத்து வாசலில் உட்கார்ந்து அழுவதைத் தவிர வேறென்ன செய்வான்? உடனே கப்பல் கிடைத்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேரலாம். இன்று மறுநாளே போய் முகம் பார்க்கலாம், கொள்ளியும் வைக்கலாம். ஆனால் கடப்பிதழ் காலாவதியாகிக் கிடந்தால்? விமானம் நான்கு மணியில் பறந்துவிடும்; நாம் மட்டும் இங்கேயே நிற்போம்.

ஆகவே, ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தவரோ உள்ளவர்கள், கடப்பிதழில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தவணை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்கு விசாவும் வேண்டும். இப்போது இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள். அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்களேன்!