காதுக்குள் இருக்கிற கணக்கு

செஸ் எஞ்சினுக்கு ரெண்டே வேலைதான். நான் இப்படி நகர்த்தினால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று கிளை கிளையாகத் தேடுவது ஒன்று. எங்கேயாவது நிறுத்தி, இந்த நிலை யாருக்குச் சாதகம் என்று எண்ணில் மதிப்புப் போடுவது இன்னொன்று. இருக்கிற நேரம் ரெண்டுக்கும் பொது. மதிப்பிட அதிகம் செலவழித்தால் தேடல் குறையும்.

1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ, நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை பார்த்தது. 2017-ல் வந்த ஆல்பாஸீரோ பார்த்தது வெறும் 80,000. எதிரே ஆடிய ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி பார்த்தது. 100 ஆட்டங்களில் ஆல்பாஸீரோ 28-ல் வென்றது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. போட்டி நிபந்தனைகள் பற்றிச் சர்ச்சை எழுந்தது. ஆனால் வேகம் மட்டும் போதாது என்பது தெரிந்துபோனது.

2020-ல் ஸ்டாக்ஃபிஷும் மாறியது. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018-ல் உருவாக்கிய சின்ன நரம்பு வலையை அதற்குள் சேர்த்தார்கள். ஒரு காய் நகர்ந்தால் பலகை முழுவதையும் மறுபடி கணக்குப் போடாமல், பெரும்பாலும் மாறியதை மட்டும் திருத்திக்கொள்ளும் வலை அது. அதனால் சாதாரணக் கணினியிலேயே ஓடும். அப்படியும் நொடிக்குப் பார்க்கிற நிலைகள் கணிசமாகக் குறைந்தன. ஆட்டமோ நன்றாகத் தேறியது.

அந்த வலைக்குப் பாடம் சொன்னது யார் தெரியுமா? பழைய ஸ்டாக்ஃபிஷ்தான். ஏராளமான நிலைகளைத் தேடிப் பார்த்து அது போட்ட மதிப்புகளைக் காட்டித்தான் வலையைப் பழக்கினார்கள். ஆக, ஒரே பார்வையில் வருகிற தீர்ப்பு என்பது எப்போதோ தேடி முடித்ததன் சேமிப்பு.

சென்னையில் குகேஷுக்குப் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, பையன் 2500 புள்ளியை நெருங்கும்வரை எஞ்சின் பக்கமே விடவில்லை. விடையைக் கையில் கொடுத்துவிட்டால் சேமிப்பு எப்படிச் சேரும்? அந்தப் பையன்தான் 2024 டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனான்.

இதே சேமிப்பை லூமுட்டில் நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். அங்கே ஒரு அங்கிள் இருக்கிறார். ஓடுகிற பம்ப் மேல ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். "பேரிங் போச்சு தம்பி." நான் வைப்ரேஷன் மீட்டரில் அளவெடுத்து, வரைபடம் பார்த்து, அரைமணி நேரம் கழித்து அதே பதிலுக்கு வந்து சேருவேன். எப்படி அங்கிள் என்றால், "எத்தன பம்ப்ப கழட்டிப் பாத்திருப்பேன்" என்பார்.

வருகிற டிசம்பரில் அவருக்கு ஓய்வு. பயிற்சிக்கு ரெண்டு பிள்ளைகள் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் காதால் கேட்டு, தோன்றியதை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் மீட்டரை வைக்கட்டும், கடைசியில் கழற்றிப் பார்க்கட்டும் என்று மேலே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பம்புக்கும் பத்து நிமிடம் கூடுதலாகும். பதில் இன்னும் வரல.