திமிர் என்று நான் எழுதிய பையன்

பாம்பன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தொரு வருஷம் வாத்தியாராக இருந்தேன். எத்தனையோ பிள்ளைகளின் முகம் மறந்துவிட்டது. ஒருவன் மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அவனை அதிகம் அடித்தவன் நான்தான்.

ஐந்தாம் வகுப்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். முதல் கணக்கைச் சரியாகப் போடுவான். அடுத்ததில் கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டி வைத்திருப்பான். வாரத்துக்கு இரண்டு பென்சில் தொலையும். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வரும், பாதி நேரம் சரியான பதில்தான். அதுதான் எனக்கு எரிச்சலே. கலாம் பிறந்த தீவில் பிறந்துவிட்டு இப்படியா என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொல்லித் திட்டு வாங்காத பிள்ளை குறைவு. ரேங்க் கார்டில் 'திமிர் அதிகம்' என்று என் கைப்பட எழுதினேன். எட்டாவதோடு நின்றுவிட்டான், விசைப்படகுக்குப் போனான்.

போன வருஷம் அவனே வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு சீட்டு. அவன் மகன் படிக்கும் பள்ளிக்கு பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு வந்திருக்கிறது. 2013-ல் தொடங்கிய திட்டம் அது. பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளிடம் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கமும் ஒன்று. அந்தச் சந்தேகத்தில்தான் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், இது பைத்திய ஆஸ்பத்திரிச் சீட்டா?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மனநலம் என்றதும் ஏர்வாடிதான் ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. பயம் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் எத்தனை சீட்டுகள் கிழிபட்டனவோ.

நானும் கூடப் போனேன். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, நன்றாகத் தூங்குகிறானா என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள். இந்தத் தொல்லை ஆறு மாதமாவது இருக்கிறதா? வீட்டிலும் உண்டா, பள்ளியில் மட்டுமா? பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா? ஒரே இடத்தில் மட்டும் தொல்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு அது வலையை இழுத்து மணலில் கொட்டிப் பிரிப்பதுபோல இருந்தது. வலையில் ஏறியதெல்லாம் மீனாகிவிடாது. சீட்டு வந்துவிட்டதாலேயே நோய் என்று ஆகாது.

கேள்விகள் நடந்துகொண்டிருக்கையில் தகப்பன் மெதுவாக என் பக்கம் சாய்ந்தான். "சார், இவரு என்னைப் பத்தியா கேக்குறாரு?"

அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. இது குடும்பவழியாக வருவது சகஜம், பெரியவர்களுக்கும் நீடிக்கும், அவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஆறு கேள்விகளே இருக்கின்றன என்றார் அவர். கடலுக்குப் போகும் டோக்கனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடற்கரை வரை போய்த் திரும்பியது, வட்டிக்காரனுக்கு நாள் மறந்தது, பேசி முடிக்குமுன் சண்டைக்குப் போனது என்று அவன் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலர் வாத்தியாராவீர்கள், எல்லோரும் ஒருநாள் யாருக்காவது பெரியவராவீர்கள். துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. என்ற பெயரை ஒட்டாதீர்கள். போனில் வரும் பத்துக் கேள்வி வீடியோவைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளவும் வேண்டாம். ஓடி ஆடாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு பின்பெஞ்சில் இருக்கும் பெண்பிள்ளையையும் கவனியுங்கள். அவளால் யாருக்கும் தொல்லை இல்லாததாலேயே யாரும் சீட்டு எழுதுவதில்லை. சந்தேகம் வந்தால் பிரம்பை எடுக்காமல் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே போகத் தயக்கமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் எண். இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அவன் மகனுக்கு இப்போது முன்பெஞ்சு. பத்துக் கணக்கை ஒரே மூச்சில் கொடுக்காமல் இரண்டிரண்டாகக் கொடுக்கிறார்கள். அவனை எப்படி நடத்துவது என்று அம்மாவுக்கும் பயிற்சி உண்டு. மாத்திரை வேண்டுமா என்று பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். பென்சில் இன்னும் தொலைகிறது.

தகப்பன்தான் தன் பரிசோதனையை நேரமில்லை என்று தள்ளிப்போட்டான். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், 61 நாள் படகு கரையில் நிற்கும். 16-ம் தேதி காலை முதல் பஸ்ஸில் நானும் அவனும் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.